குடிநீர் அறிவிப்பும் ஆல்ட் பொத்தானும்

ஹோம் என்கிறான். சரி, ஹோம். வலது அம்பு. இன்சர்ட் என்கிறான். இன்னொரு தடவை வலது அம்பு. டிரா. டிரா எனக்கு எதற்கு, நான் என்ன ஆபீஸ் வாசலில் கோலமா போடப் போகிறேன், போ அந்தப் பக்கம். டிசைன். லேஅவுட். ரெஃபரன்சஸ். மெயிலிங்ஸ். ரெவ்யூ. வியூ. ஹெல்ப். ஹெல்ப் வந்துவிட்டால் தெரு முடிந்தது, திரும்ப வேண்டியதுதான். காலையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து இப்படித்தான் மெனுவில் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறேன், பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று கடைசி நிமிடத்தில் புரட்டுகிற பிள்ளை மாதிரி. புரட்டினால் ஏறுமா? ஏறாது. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. காதுக்குள் பேசுகிறவன் மட்டும் சலிக்கவே மாட்டான். திரையில் இருப்பதையெல்லாம் வாய் ஓயாமல் படித்துச் சொல்கிற மென்பொருள் அவன். பெண் குரல்கூட வைத்துக்கொள்ளலாமாம். நான்தான் இவனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். "காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஒருத்தன் உன் காதுல பேசிட்டே இருக்கான், கட்டுனவன் எனக்குப் பொறாமை வராதா அமலு?" என்று காலையில் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடும்போது அருளப்பன் கேட்டார். நீங்கள் இருபத்து நாலு வருஷம் பேசியதைவிட அவன் உபயோகமாகப் பேசுகிறான் என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். எனக்குத் தெரிந்தது. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும். எதற்கு அதெல்லாம் இப்போது.

இப்போது வேலை இதுதான். வருகிற பதினாலாம் தேதி நகரில் குடிநீர் வராது, பராமரிப்புப் பணி. அதற்கு அறிவிப்பு. தலைப்பு நடுவில், கீழே நாலு வரி, அதற்குக் கீழே ஒரு அட்டவணை, எந்தப் பகுதிக்கு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று. சாப்பாட்டு நேரத்துக்குள் அச்செடுத்து மேலாளர் மேசையில் வைக்க வேண்டும், நானே எனக்கு வைத்துக்கொண்ட கெடு. கண் இருந்த காலத்தில் இது எனக்கு டீ வருவதற்குள் முடிகிற வேலை. டீயைக் குடித்துக்கொண்டே அடுத்ததை ஆரம்பித்திருப்பேன். நகராட்சியில் குடிநீர், சுகாதாரம் எல்லாம் இ பிரிவு, இ பிரிவு என்றால் அமலோற்பவம், அமலோற்பவம் என்றால் இ பிரிவு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய் முழுசாக இருட்டியபிறகு நீண்ட விடுப்பில் போனேன், மதுரையில் பயிற்சி எடுத்தேன், திரும்பி வந்தேன். வந்தால் முருகவேல் சார் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மேலாளர் எழுந்து நின்றார் என்று பக்கத்து மேசை தெய்வானை அப்புறம் காதில் சொன்னாள். "உங்களுக்கு எந்தக் கஷ்டமும் குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன் மேடம். வாங்க, இருங்க, போங்க. சம்பளத்துக்கு ஒண்ணும் குறை வராது. சட்டமே இருக்கு." ஆமாம், சட்டம் இருக்கிறது. பார்வை போனால் வேலையை விட்டு அனுப்ப முடியாது. ஆனால் வேலையே கொடுக்காமல் உட்கார வைக்கலாம் போலிருக்கிறது, அதைச் சட்டம் தடுக்கவில்லை. இ பிரிவை வேறொருவருக்கு மாற்றுகிற ஆணை தயாராகி அவர் மேசையில் இருக்கிறது. மத்தியானம் கையெழுத்து. நான் போய், ஒரே ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள் சார் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம், என்ன வெட்கம். அவர் தயங்கித் தயங்கி இதைக் கொடுத்தார். "அவசரமே இல்ல மேடம், முடியலைன்னா விட்டுடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்." தப்பாக நினைக்க மாட்டாராம். நினைத்துத் தொலையுங்களேன் சார்.

ஆல்ட் பொத்தான். இடது கைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், ஸ்பேஸ் பாருக்கு அடுத்தது. அதைத் தட்டினால் மேலே மெனுவுக்குப் போகும். கண்ணிருந்தபோது இதை நான் தொட்டதே இல்லை. மவுஸ்தான். மேலே எங்கேயோ இடது பக்கம் ஒரு சின்னப் படம், அதைத் தட்டினால் இது, இதற்குப் பக்கத்துப் படத்தைத் தட்டினால் அது. பெயர் எதுவும் தெரியாது. கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் கை போகும், தூக்கத்தில்கூடப் போகும். இப்போது படம் போய்விட்டது, பெயர் மட்டும் வரிசையாக வருகிறது, எந்தப் பெயருக்குள் எது இருக்கிறது என்று தெரியவில்லை. எவன் அடுக்கினான் இந்த அலமாரியை? பக்க எண் வேண்டுமென்றால் இன்சர்ட்டில் இருக்கிறது. பக்கத்தின் ஓரம் வேண்டுமென்றால் லேஅவுட்டில். பக்கத்துக்குக் கரை கட்ட வேண்டுமென்றால் டிசைனில். ஒரே பக்கம்தானே அய்யா, அதை மூன்று வீட்டில் ஏன் குடி வைத்தாய்? கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அடுப்படியும் இப்படித்தான். மிளகாய்த்தூள் எங்கே என்றால் அரிசிப் பானைக்குப் பின்னால். ஏன் அங்கே? அது அப்படித்தான். வடிகட்டி கதவுக்குப் பின்னால் ஆணியில். என் அம்மா வீட்டில் ஒரு நாளும் வடிகட்டி கதவுக்குப் பின்னால் போனதில்லை. முதல் மாதம் முழுக்க ஒவ்வொன்றையும் தேடித் தேடி, திட்டு வாங்கி வாங்கி, பிறகு ஒரு நாள் கரண்டு போயிருந்தபோது நானே போய் இருட்டில் கை நீட்டி எல்லாவற்றையும் எடுத்து ரசம் வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் அது என் அடுப்படி ஆனது. யார் அடுக்கியதாக இருந்தால் என்ன. நான் புழங்கினால் எனக்கும் பழகிவிடும். பழகும். பழகத்தான் வேண்டும்.

சரி, போதும் இந்தச் சுற்றல். எஸ்கேப். எஸ்கேப் எனக்கு ரொம்பப் பிடித்த பொத்தான், விசைப்பலகையின் இடது மேல் மூலையில் தனியாக நிற்கும், எங்கே மாட்டிக்கொண்டாலும் அதைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம். பயிற்சியில் நசீமா முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். நசீமாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "மேடம், நீங்க இன்னும் கண்ணால தேடுறீங்க. தலையை ஏன் ஸ்க்ரீன் பக்கம் திருப்புறீங்க? அங்க ஒண்ணும் இல்ல. கழுத்துதான் வலிக்கும்" என்பாள். எப்படித் தெரியும் உனக்கு நான் தலையைத் திருப்புவது என்றால், குரல் வருகிற பக்கம் மாறுகிறதே என்பாள். இப்போதும் திருப்பித்தான் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது, கழுத்து வலிக்கிறது. போன வருஷத்து அறிவிப்பு இருக்கும், இ பிரிவு ஃபோல்டரில். அதைத் திறந்து தேதியையும் பகுதிகளையும் மாற்றினால் ஆயிற்று, எல்லா ஆபீசிலும் எல்லாரும் செய்கிற வேலை. கண்ட்ரோல் ஓ. தேடுகிறேன். ஃபோல்டர் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான், வந்துவிட்டது, குடிநீர் அறிவிப்பு, ஆங்கில எழுத்தில் நான் வைத்த பெயர். என்டர். திறக்கிறது. திறந்துவிட்டது! பாருங்கள், திறந்துவிட்டேன். இப்போது முதல் வரி. கீழ் அம்பு.

என்ன சொல்கிறான் இவன்? ஏதோ எஃப் என்கிறான், கொஞ்சம் இருமுவது மாதிரி ஒரு சத்தம், பிறகு டபிள்யூ, பிறகு பிராக்கெட், டாலர், மறுபடி எஃப். அடுத்த வரி. அதுவும் அப்படித்தான். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக இல்லை. நான் எதையாவது தட்டிக் கெடுத்துவிட்டேனா? மெனுவில் அங்கேயும் இங்கேயும் போய்வந்தேனே, எதையாவது அழுத்திவிட்டேனா? கண்ட்ரோல் இசட், செய்ததைத் திருப்பு. ஒன்றும் இல்லை என்கிறான், திருப்ப ஒன்றும் இல்லையாம். மூடித் திறக்கிறேன். மறுபடி எஃப், டபிள்யூ, டாலர். இதோ, இதுதான், இதற்குத்தான் பயந்தேன். பயிற்சியில் எல்லாம் சரியாகச் செய்தேன், அங்கே ஒரு சின்ன அறை, பழகிய கணினி, தட்டிக் கொடுக்க நசீமா. இங்கே என் சொந்த ஃபைல், என் கையால் அடித்த ஃபைல், அது என்னிடம் பேச மாட்டேன் என்கிறது. முதன்முதலில் இப்படித்தான், ஓரங்களிலிருந்து ஆரம்பித்தது. பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். வணக்கம் வைத்தவர்களுக்குத் திருப்பி வைக்காமல் நடந்தேன். அமலோற்பவத்துக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்களாம். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், தைலம் தேய்த்துக்கொண்டு. டாக்டரிடம் போவதற்குள் பாதி போயிருந்தது. இருந்த பாதியை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று நினைத்தேன், அதுவும் மெதுவாகப் போய்விட்டது. இப்போது காதும் கைவிடுகிறதா? காது இல்லை, இந்தக் குரல். குரல் இல்லை, நான்தான். நான்தான் எதையோ தப்பாகச் செய்கிறேன். பயமாக இருக்கிறது. யாராவது கேட்டால் இல்லை என்பேன்.

"என்ன மேடம், ஏதாச்சும் வேணுமா?" தெய்வானை. பக்கத்து மேசை, எஃப் பிரிவு. நல்ல பெண், என்னோடு எட்டு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறாள், டப்பாவில் என்ன கொண்டு வந்தாலும் முதல் கரண்டி எனக்குத்தான். நான் ஒரு காதில் மட்டும்தான் ஹெட்போன் போட்டிருக்கிறேன், மற்றக் காது ஆபீசுக்கு. நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள், குரலைத் தாழ்த்துகிறாள். "மேடம், நான் வேணா சட்டுனு அடிச்சுத் தரேன். நீங்க கொண்டு போய்க் குடுங்க. யாருக்குத் தெரியப் போகுது? சார் கேக்கப் போறதில்ல." யாருக்குத் தெரியப் போகிறது. உண்மைதான். நாலு நிமிடத்தில் அடித்துவிடுவாள். நான் எடுத்துக்கொண்டு போவேன், அவர் அருமை என்பார், மத்தியானம் ஆணை நின்றுவிடும், நாளைக்கு அடுத்த அறிவிப்பு வரும், அதையும் தெய்வானை அடிப்பாள், தன் வேலையையும் பார்த்துக்கொண்டு என் வேலையையும். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி நடிப்பேன். அதற்கு அவர்கள் சொல்கிற மாதிரி சும்மாவே உட்கார்ந்துவிடலாமே. ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. சரி அடி தாயே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "வேண்டாம் தெய்வானை" என்றேன், வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாக. அவள் நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. கோபித்துக்கொண்டாளோ. பிறகு மெதுவாக, "இல்ல மேடம், ஃபைல்தான் திறந்திருக்கே, நல்லாத்தானே தெரியுது, அதான் எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு புரியல."

"நல்லாத் தெரியுதா? தமிழ்ல இருக்கா?"

"ஆமா மேடம். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்புன்னு மேல கொட்டை எழுத்துல."

தமிழில் இருக்கிறது. அவள் கண்ணுக்குத் தமிழ், என் காதுக்கு டாலர். அப்படியானால். அப்படியானால்! அட சண்டாளா. எழுத்துரு! பழைய எழுத்துரு! நான் ஆபீசில் சேர்ந்த காலத்திலிருந்து நாங்கள் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பழைய எழுத்துரு. உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும்தான், மேலே தமிழ் முகமூடி. பார்க்கிறவர்களுக்கு முகமூடி தெரியும், இவனுக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். பிரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே இட்லி மாவு இருக்குமே, அதே கதை. டப்பாவைப் பார்க்கிறவன் ஐஸ்கிரீம் என்பான், இவன் கையை விட்டுப் பார்த்து மாவு என்கிறான், இவன் சொன்னதுதான் சரி. யூனிகோட் என்கிற புதிய முறையில்தான் அடிக்க வேண்டும் என்று எத்தனையோ சுற்றறிக்கை வந்தது, எல்லாவற்றையும் நாங்கள் அழகாக ஃபைலில் கோத்து வைத்துவிட்டு, பழையதிலேயே அடித்தோம். சந்தேகத்துக்குச் சோதித்துப் பார்க்கிறேன், எழுத்துருவின் பெயரைச் சொல்லச் சொல்லி இன்சர்ட் பொத்தானோடு எஃப். சொன்னான். அதே பழைய பெயர். நான் எதையும் கெடுக்கவில்லை. என் விரல் சரி, என் காது சரி, என் மூளையும் இன்றைக்கு வரை சரி. சிரிப்பு வருகிறது, தெய்வானையின் கையைப் பிடித்து அழுத்தினேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம், சிரிக்கிறீங்க?" உனக்கு அப்புறம் சொல்கிறேன், நீ உன் வேலையைப் பார் தாயே.

புது ஃபைல். கண்ட்ரோல் என். வெற்றுத்தாள். போன வருஷத்து அறிவிப்பு எனக்கு எதற்கு, அதன் வாசகம் முழுக்க எனக்கு மனப்பாடம், மண்டைக்குள் இருக்கிறதை எந்த எழுத்துருவும் ஒன்றும் செய்ய முடியாது. புதிய முறைக்கு மாற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இவன் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்கிறான், பொ, து, ம, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, இவ்வளவு தெளிவாகத் தமிழில் என்னிடம் பேசுகிறானே என்று. நகராட்சிக்குட்பட்ட பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கும் பிரதானக் குழாயில் பராமரிப்புப் பணி நடைபெறவிருப்பதால். விரல் ஓடுகிறது. எத்தனை நாள் ஆயிற்று இப்படி ஓடி. வருகிற பதினாலாம் தேதி வியாழக்கிழமை அன்று கீழ்க்கண்ட பகுதிகளில் குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும். தலைப்பை நடுவில் வைக்க வேண்டும். முன்பென்றால் ஸ்பேஸ் பாரைப் பத்துப் பதினைந்து தடவை தட்டி உத்தேசமாக நடுவுக்குத் தள்ளுவேன், எல்லோரும் அப்படித்தான் தள்ளுவோம். இப்போது உத்தேசம் பார்க்கக் கண் இல்லை, அதனால் ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆல்ட், ஹோம், கீழே இறங்கினால் ஒட்டு வெட்டு சமாச்சாரங்கள், அதைத் தாண்டி எழுத்து, அதைத் தாண்டிப் பத்தி, அதற்குள் இடது, நடு. என்டர். சென்டர்ட் என்றான். எவ்வளவு சுலபம். இந்த வழியிலேயே போனால் எப்போதும் நடுவில்தான் நிற்கும், பக்கத்தில் என்ன மாற்றினாலும் நகராது. இத்தனை வருஷம் இது இருந்த இடமே எனக்குத் தெரியாது.

அட்டவணை. இதுதான் பெரிய கண்டம். இன்சர்ட்டில் டேபிள் என்று இருக்கும், அதைத் திறந்தால் கட்டங்கள், அம்பை நகர்த்த நகர்த்த ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே வருவான், வேண்டியது வந்ததும் என்டர். வந்தது. அட்டவணைக்குள் நிற்கிறேன். பகுதிகளை மேலாளர் வாயால் சொன்னபோது போனில் பதிந்து வைத்திருக்கிறேன், மற்றக் காதில் அதைக் கேட்டுக்கொண்டே அடிக்கிறேன், ஒரு காதில் அவர், ஒரு காதில் இவன், நடுவில் நான். மேட்டுத் தெரு, காலை ஆறு முதல் மதியம் வரை. டேப் தட்டினால் அடுத்த கட்டம். ஆர்.எம். காலனி. கோட்டைக்குளம் பகுதி. பேருந்து நிலையம் சுற்றி. அவர் குரலில்கூட ஒரு தயக்கம் கேட்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் நிறுத்துகிறார், புரியுதா மேடம், அப்புறம், சரியா மேடம். என்னிடம் ஒருவரும் இப்படிப் பேசியதே இல்லை, நான் என்ன உடைந்துபோகிற பொருளா. கடைசிக் கட்டம். டேப். ஐயோ. கடைசிக் கட்டத்தில் டேப் தட்டினால் கீழே இன்னொரு வரிசை முளைத்துவிடும், நசீமா படித்துப் படித்துச் சொன்னாள், தட்டிவிட்டேன். காலி வரிசை ஒன்று கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. விட்டுவிடலாமா? யார் கேட்கப் போகிறார்கள்? மேலாளர் நிச்சயம் கேட்க மாட்டார், பாவம் தெரியவில்லை என்று விட்டுவிடுவார். அந்தப் பாவம்தான் எனக்கு வேண்டாம். நீக்க வேண்டும். எங்கே இருக்கிறது வரிசையை நீக்குவது? லேஅவுட் என்று ஞாபகம். ஆல்ட், வலது, வலது, வலது, லேஅவுட். கீழே இறங்கினால் ஓரம், திசை, தாளின் அளவு, இடைவெளி. வரிசை இல்லை. மறுபடி ஒருமுறை முழுக்க இறங்கிப் பார்க்கிறேன். இல்லை. வெளியே வந்து இன்சர்ட்டில் பார்க்கிறேன், போட்ட இடத்தில்தானே எடுக்க முடியும் என்று. இல்லை. ரெவ்யூவில். அங்கே எதற்கு இருக்கப் போகிறது. ஹோமில். எல்லாம் ஒரே குரலில் சொல்கிறான், இருக்கிற இடத்திலும் அதே குரல், இல்லாத இடத்திலும் அதே குரல். வியூ. ஹெல்ப். தெரு முடிந்தது.

முடிந்ததா? ஹெல்ப்புக்கு அப்புறம் நான் ஒரு நாளும் போனதில்லை. ஹெல்ப் வந்தால் திரும்பிவிடுவேன், அது என் பழக்கம், யாரும் அங்கே சுவர் இருக்கிறது என்று சொல்லவில்லை. வலது அம்பை இன்னொரு தடவை தட்டினேன், சும்மா, கோபத்தில்தான். டேபிள் டிசைன் என்றான். இன்னொரு தடவை. லேஅவுட். இன்னொரு லேஅவுட்! ஒரே பெயரில் இரண்டு பேர்! ஒன்று தாளுக்கு, ஒன்று அட்டவணைக்கு, அட்டவணைக்குள் நிற்கிறபோது மட்டும் எழுந்து வருமாம் இந்த இரண்டாவது, மற்ற நேரத்தில் இருக்காதாம். நசீமா சொல்லியிருக்கிறாள், நான்தான் காதில் வாங்கவில்லை. இறங்கினேன். டெலீட். அதற்குள் நான்கு. கட்டத்தை நீக்கு, நெடுவரிசையை நீக்கு, வரிசையை நீக்கு, அட்டவணையையே நீக்கு. மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து. ஒரு விரல் பிசகினால் மேட்டுத் தெருவிலிருந்து எல்லாம் போச்சு, திருப்பிக்கொள்ளலாம்தான், ஆனாலும் உடம்பு கேட்குமா. மேலே போய் மறுபடி கீழே வந்து அவன் வாயால் வரிசை என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டபிறகு என்டர் தட்டினேன். போய்விட்டது. மேலிருந்து ஒருமுறை முழுக்கப் படிக்கச் சொன்னேன். படித்தான். ஒரு வார்த்தை இடறவில்லை. எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது, ஐம்பது வயதில் ஆபீசில் எழுந்து கை தட்டினால் கண்ணோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது என்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

சேமித்தேன். அச்சு. மேலாளர் அறைக்கு வெளியே இருக்கிற பெரிய பிரிண்டர் முனகிக்கொண்டு எழுவது இங்கே வரை கேட்கிறது, நல்ல சத்தம், அதை இவ்வளவு ஆசையாக நான் கேட்டதே இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டு, தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டிப் போனேன். தாள் சூடாக இருந்தது. எந்தப் பக்கம் அச்சு? விரலால் தடவினேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பு. என் வேலை, என் கையில் இருக்கிறது, அது தாளின் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இதை நினைத்து அழலாம். அழுதால் நேரமாகிவிடும். தாள் வெளியே வந்தபடியே பிடித்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனேன். "ஐயோ மேடம், நீங்க ஏன் வந்தீங்க, சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே. உக்காருங்க, உக்காருங்க." உட்காரவில்லை. நீட்டினேன். வாங்கினார். இப்போது படிக்காமலேயே அருமை என்று சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் என்ன செய்வது? படித்தீர்களா சார் என்று கேட்க முடியுமா? படிக்காமல் கொடுக்கிற பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், இரண்டு மணிக்கு ஆணையில் கையெழுத்துப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். மின்விசிறி சுற்றுகிறது. தாள் சரசரக்கிறது. அருமை இன்னும் வரவில்லை. வெற்றுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனா?

"என்ன மேடம் இது?" குரல் மாறியிருக்கிறது. "பதினாலாம் தேதி சனிக்கிழமை. நீங்க வியாழக்கிழமைன்னு போட்டு வச்சிருக்கீங்க."

வியாழக்கிழமை. பராமரிப்பு எப்போதும் வியாழக்கிழமைதான், காலம் காலமாக, அதனால் விரல் அதுவாகவே அடித்திருக்கிறது. இவனும் படித்தான், நானும் கேட்டேன், இருவருக்கும் உறுத்தவில்லை. "நீங்க தேதி மட்டுந்தானே சார் சொன்னீங்க, கிழமை சொல்லலையே" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம்.

"நான் சொல்லணுமா? கம்ப்யூட்டர்ல காலண்டர் இல்ல? வியாழக்கிழமை ஊரே குடத்தையெல்லாம் நிரப்பி வச்சுட்டு உக்காந்திருக்கும், சனிக்கிழமை காலைல குழாயைத் திறந்தா காத்துதான் வரும், அப்புறம் கவுன்சிலர் வந்து யார் சட்டையைப் பிடிப்பார்? உங்க சட்டையையா, என் சட்டையையா? கவனிச்சுப் போட வேண்டாமா மேடம்? மத்ததெல்லாம் சரியா இருக்கு, அட்டவணை சுத்தமா இருக்கு, இந்த ஒண்ணுல கோட்டை விட்டுட்டீங்க. போங்க, மாத்திட்டு உடனே கொண்டு வாங்க, நோட்டீஸ் போர்டுல இன்னிக்கே ஒட்டணும். அப்புறம், இ பிரிவு தபால் ஒரு வாரமா இங்க என் மேசைல குவிஞ்சு கெடக்கு, மத்தியானம் உங்க மேசைக்கு அனுப்புறேன். ஆர்டரை நான் கிழிச்சுடறேன். சீக்கிரம் மேடம், நிக்காதீங்க."

"அஞ்சு நிமிஷம் சார்" என்றேன். முகம் சுட்டது. வெட்கம்தான், எத்தனை வருஷ அனுபவம், கிழமையில் போய்ச் சறுக்கியிருக்கிறேனே. கோபமும் இருந்தது, தேதி சொல்கிறவர் கிழமையும் சொன்னால் என்ன குறைந்துவிடும் அவருக்கு. அறையை விட்டு வெளியே வந்தபிறகுதான் உறைத்தது, என்னை நிற்க வைத்து, கண்ணில்லாதவள் என்று ஒரு நொடி நினைக்காமல், வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். சுவரைத் தொட்டேன், சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, தண்ணீர் இயந்திரத்துப் பக்கம் நின்று அடக்கிக்கொண்டேன்.

"என்ன மேடம், உள்ள ஒரே சத்தமா இருந்துச்சு" என்றாள் தெய்வானை, பதறிப்போய். "திட்டிட்டாரா?"

"ஆமா தெய்வானை, நல்லாத் திட்டிட்டார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.